நான் போட்ட இரண்டு முடிச்சுகள்

ஒரு கல்யாணத்தில் தாலியின் மூன்று முடிச்சுகளில் இரண்டை நான் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அன்று காலை ஏழு மணிக்குத்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை கேட்டுப் போயிருந்தேன். முதலாளி சேகர் அண்ணன் என் படங்களைப் புரட்டினார். பெரும்பாலும் சுண்ணாம்புக் குன்றுகள். இடையிடையே தூங்கும் பூனைகள். (இரண்டும் அசையாது. அதுதான் காரணம்.)

"மலை கல்யாணம் பண்ணிக்காது லா," என்றார்.

அவருடைய கல்யாண ஆல்பங்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தாலி கட்டும் படங்களில் எல்லாம் முகங்களே இருந்தன. பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் விரல்கள் என்ன செய்கின்றன என்பதை ஒரு படமும் காட்டவில்லை. கேட்டேன். சேகர் அண்ணன் ஆல்பத்தை மூடிவிட்டு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோலா கங்சாரில் ஒரு கல்யாணம். முன்னால் அவர் எடுப்பார். பின்னால் நின்று நான் முடிச்சை மட்டும் எடுக்க வேண்டும். படம் தெளிவாக வந்தால் திங்கட்கிழமையே வேலை. உறவுக்காரப் பெண்போல் தெரிய, சேலை கட்டி வரச் சொன்னார்.

ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன். மஞ்சள் கயிறு வாங்கி, சோயா கிச்சாப் போத்தலின் கழுத்தில் கட்டினேன். எந்த விரல் எதை மறைக்கிறது, ஒரு முடிச்சுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொண்டேன். பிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கழுத்தில் கட்டினேன். "உங்கப்பாகூட இவ்வளவு ஒழுங்கா கட்டலடி," என்றார் அம்மா. வெள்ளிக்கிழமைக்குள் கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போட வந்துவிட்டது. படம் எடுக்கத்தான் அவ்வளவாக வரவில்லை.

அது முன்பு ரப்பர்த் தோட்டத்துக் கோயில். மரங்கள் போய் வரிசை வீடுகள் வந்த பிறகும் கோயில் மட்டும் இடம் மாறவில்லை. சிறிய மணவறை. பெண் கவிதாவுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது. அதில் நான் நின்றேன். அந்த இடம் யாருடையது என்று யோசிக்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை மோகன் முதல் முடிச்சைப் போட்டார். நான் எதிர்பார்த்ததைவிட அவசரமான முடிச்சு. கேமராவை உயர்த்தினேன். அதற்குள் அவர் திரும்பிப் பார்க்காமலேயே கயிற்றின் இரண்டு நுனிகளையும் என் பக்கம் நீட்டினார்.

"இந்தாக்கா, புடி."

ஐயர், "ம், போடும்மா," என்றார்.

கேமராவை விட்டேன். அது இடுப்பருகே தொங்கியது. கை வேலையை முடித்தது. இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. இறுக்கியும் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறதே என்று நான் திருப்திப்படும்போது என் பின்கழுத்தில் சூடு தெரிந்தது. திரும்பினேன். மோகனின் அக்கா சரஸ்வதி, கையில் விளக்கோடு, எனக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். மேளச் சத்தத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

மேளம் நின்றது. ஐயரின் மைக் மட்டும் நிற்கவில்லை.

"ஏம்மா, நீங்க யாரு?"

"போட்டோகிராபர்," என்றேன். கோயில் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது.

சரஸ்வதி அக்கா அவிழ்க்கச் சொன்னார். போட்டதை அவிழ்க்கக் கூடாது என்றார் ஐயர். மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். பெண் வீட்டாரும் எழுந்தார்கள். கவிதாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சரஸ்வதி அக்கா, என்னைப் பார்த்தபடியே, நான்காவதாக ஒரு முடிச்சுப் போட்டார்.

திரும்பும் வழியில், சிம்மோர் ஊரருகே சேகர் அண்ணன், "போட்டோ எடுக்கச் சொன்னா போட்டோவுக்குள்ள போயிட்டியே லா," என்றார். திங்கட்கிழமை பற்றி நானும் கேட்கவில்லை. அவர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் நான் நாக்கைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுகிறேன். அதைத்தான் பெரிதாக்கி மோகன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஒரு பத்திரிகையில் படம் எடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே யாரும் கயிற்றை நீட்டுவதில்லை.

மோகனின் மகள் என்னைச் சின்ன அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். போன மாதம் அவளுக்குக் காது குத்தினார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும், எப்படிக் குத்துகிறார் என்று பார்க்க நானும் முன்னால் நகர்ந்தேன். சரஸ்வதி அக்கா ஒரு பழத்தட்டைக் கொண்டுவந்து என் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"இத புடிச்சுக்கிட்டு இங்கயே நில்லு. உன் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்."