அசையாமல் எரிந்த சிவப்பு விளக்கு

எனக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய உண்டு. ஆனால் தெரியாது என்று சொல்ல மட்டும் வராது. கடையில் ஸ்வெட்டர் விற்கிற நான், மலைமேல் இருக்கும் எங்கள் நாயுடுபுரம் வீட்டுக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிடுவது அப்படித்தான்.

அன்று காலை பதினோரு மணிக்கு மகள் நிவேதாவுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் நேர்காணல், வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக. கடைசிச் சுற்று. அரைமணி முன்னதாகத் திறந்தால் 'இணைப்பு இல்லை' என்கிறது திரை. வெளியே அடித்த மூடுபனியில் செல்போனுக்கு ஒற்றைக் கோடு சிக்னல். பேசலாம், முகம் காட்ட முடியாது.

"அப்பா, நெட் வரல."

"பதறாத. நான் இருக்கேன்ல?"

"அதான் பதறுது."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பிறகு போட்டு அணைத்தேன். (இரண்டும் வேறு வேறு வைத்தியம் என்று நம்பினேன்.) பின்பக்க வயர்களைப் பிடுங்கிச் செருகியதில் பிரிண்டர் மட்டும் உயிர்பெற்று, யாரும் கேட்காமலே ஒரு வெள்ளைத் தாளைத் துப்பியது. நிவேதா போனைத் தூக்கிப் பிடித்தபடி ஜன்னல் ஜன்னலாகச் சிக்னல் தேடப் போய்விட்டாள்.

நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"சார், ரௌட்டர்ல என்ன லைட் எரியுது?"

"சிவப்புங்க."

"மினுக்குதா, நின்னு எரியுதா?"

"அசையாம எரியுதுங்க."

"மத்த லைட்டு?"

"எல்லாம் அணைஞ்சு கெடக்கு."

"அப்ப எங்கயோ கேபிள் கட்டாயிருக்கு சார். ஆள் வர நாளைக்காகும்."

நாளைக்கா! என் மனைவி சாந்தி, "ஏங்க, கண்ணாடியப் போட்டு நல்லாப் பாத்தீங்களா?" என்றாள். கண்ணாடி தேடவா நேரம்? காட்டுமாடு ஏதோ கேபிளை இழுத்துவிட்டது என்று முடிவு கட்டி, சுவரோரம் தட்டுப்பட்ட கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் இறங்கினேன். வயர் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் போயிற்று. அங்கே காசிம் பாய் கையில் அரிவாளோடு பேரிக்காய் மரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், வெட்டுறதுக்கு என் வயருதான் கெடச்சுதா? எம்பொண்ணு வேலை போச்சே!"

"அண்ணே, நீங்க பிடிச்சிருக்கது எங்க வீட்டுத் துணி காயப்போடுற வயருண்ணே."

அண்ணாந்து பார்த்தேன். அவருடைய ஈரக் கைலி என் தலைக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. பாய் வீட்டு நெட்டைக் கடன் கேட்டிருக்கலாம். திட்டின வாயால் எப்படிக் கேட்பது? திரும்பிவிட்டேன்.

உள்ளே வந்தால் நிவேதா ரௌட்டர் முன்னால் நிற்கிறாள்.

"அப்பா, இந்த லைட்டு ஏம்ப்பா கையில ஒட்டுது?"

அவள் விரல் நுனியில் குங்குமம்.

முந்தின நாள் ஆயுத பூஜை. (வெளிநாட்டுக்காரனுக்கு ஏது விஜயதசமி லீவு?) வீட்டு மிஷின்களையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தது நான்தான். ரௌட்டருக்கு நெற்றி எது என்று குழம்பி, விளக்கு வரிசையின் மேலேயே வைத்திருக்கிறேன். துடைப்பதற்காகப் பிடுங்கிய பிளக் மேசைக்கு அடியில் தொங்கியது. கரண்டே இல்லாத பெட்டியைப் பார்த்து, 'நின்னு எரியுது' என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்!

பிளக்கைச் செருகினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கொஞ்சம் தாமதமாகத்தான் உள்ளே நுழைந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாளாம். அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் கேள்வியே ஆரம்பமாயிற்று.

வேலை கிடைத்தது. என்ன வேலை என்கிறீர்கள்? கோளாறு கண்டுபிடிக்கிற வேலை. மறுநாள் ஏணியோடு வந்து நின்ற நெட் கம்பெனி ஆளுக்குச் சாந்தி பொரிகடலை கொடுத்து அனுப்பினாள். என்ன கோளாறு என்று அவர் கேட்டபோது நான் கொல்லைப்பக்கம் ஒளிந்திருந்தேன்.

இப்போதெல்லாம் மதுரைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போவதென்றாலே எனக்குக் கிலி. சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டியை நிறுத்த வேண்டியதுதான் தாமதம், பக்கத்து சீட்டிலிருந்து சாந்தியின் குரல் வரும்:

"ஏங்க, எறங்கிப் போயி அதத் தொட்டுப் பாத்துட்டு வாங்க. கையில ஒட்டுச்சுன்னா வெரசாப் போயிரலாம்."