சூரை மீன் சுவையில் ஆரஞ்சு ஜாம்

"அதெப்படிம்மா அப்படி வரும்? நல்லாப் பாரு. அது ஜாம்."

"நானும் பாத்துட்டேன் சார். 'பூனை உணவு, சூரை மீன் சுவை'ன்னுதான் வருது. மெஷினுக்கு என்ன, நம்ம மேல பகையா?"

பில் போடும் பெண் பாட்டிலை இன்னொரு தடவை சிவப்பு வெளிச்சத்தில் காட்டினாள். 'பீப்' என்றது. திரையில் இரண்டாவது பூனை உணவு ஏறி உட்கார்ந்தது.

"இப்ப ரெண்டாயிடுச்சு. ஒன்ன எடுத்துடவா, இல்ல பூனைக்கு இருக்கட்டுமா?"

"எங்க வீட்ல பூனையே இல்ல!"

"அப்புறம் எதுக்கு சார் வாங்குறீங்க?"

வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவன் திரும்பி வரிசையைப் பார்த்தான். வரிசையில் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, அந்த ஜாமைக் காய்ச்சியதே நான்தான், காலையிலிருந்து ஒருத்தரும் தொடவில்லையே என்று நானே ஒன்று எடுத்துக்கொண்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் சொல்லத்தான் செய்தான். அந்தப் பெண் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓ, உங்க சரக்கா? பாவம் சார் நீங்க."

ஜாம் பாவம் என்றோ பூனை பாவம் என்றோ சொல்லாமல், அவனைப் பாவம் என்று சொன்னாளே, அதுதான் சுருக்கென்றது.

வெளியே மழை பிடித்திருந்தது. பூனை உணவு பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தான்.

தப்பு எங்கே என்று அவனுக்குத் தெரியும். சூப்பர் மார்க்கெட்டின் கொள்முதல் மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "பார்கோடு இல்லாத சரக்கு எங்க வாசப்படி ஏறாது சார். உங்க சரக்குக்குன்னு ஒரு நம்பர் பதிவு பண்ணி வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசி வரைக்கும் ஷெல்ஃப்ல இடம் தரேன். ஓடினா இருக்கலாம். ஓடலன்னா கிளம்பிடணும்."

நம்பர் பதிவாகி வர நாளாகும் என்றார்கள். நாலு கோடு கிழிக்க ஒரு ஆபீஸா என்று அவனுக்கு எரிச்சல். தெருமுனைக் குப்பைத் தொட்டியின் மேல் ஒரு காலி டப்பா கிடந்தது. அதிலிருந்த கோடுகள் ஒல்லியும் பருமனுமாக, பார்க்க லட்சணமாக இருந்தன. கத்தரித்து எடுத்து, லேபிள் அச்சடிப்பவரிடம் கொடுத்துவிட்டான்.

"ஏங்க, அது வேற எதுக்கோ உள்ளதில்ல?" என்று மனைவி அப்போதே கேட்டாள்.

"கோடு கோடுதான். வரிக்குதிரையப் பாக்கறவன் இது எந்த வரிக்குதிரைன்னு கேக்குறானா?"

கடையின் கம்ப்யூட்டர் கேட்டது. அதற்கு ஆரஞ்சும் தெரியாது, ஜாமும் தெரியாது. கோட்டுக்கு அடியில் இருக்கும் எண் யாருடையதோ, அவர் பெயரைத்தான் அது சொல்லும். அந்த எண்ணுக்குச் சொந்தமான பூனை உணவுக் கம்பெனி சரக்கு அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. பெயரை மட்டும் யாரும் அழிக்கவில்லை. ஆள் போன வீட்டில் இவன் ஜாம் குடியேறியிருந்தது.

வீட்டில் மாமனார் வந்து உட்கார்ந்திருந்தார். கூடத்தில் பாதி இடத்தை ஜாம் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருந்ததால், ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஓடுதா?"

"ஓடும் மாமா."

"இல்லன்னா ஒன்னும் கவலப்படாதீங்க. நம்ம கடையில உங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு." சொல்லும்போது அவர் குரல் கம்மியது. மருமகனின் நிலையை நினைத்துத்தான் மனிதர் இப்படி உருகுகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த நாற்காலி! மாமனாருடைய ஹார்டுவேர் கடையில், ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே, சுவரைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலி. கல்யாணமான புதிதில் அதில் உட்கார்ந்து சுவரையே எத்தனை நாள் பார்ப்பது என்று, கடையை நவீனமாக்கத் தொடங்கினான். ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள் என்று இழுப்பறைகளில் ஒட்டியிருந்த பழைய சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் தானே கண்டுபிடித்த கோட் நம்பர் ஒட்டினான். எந்த நம்பருக்கு என்ன சாமான் என்பதை மட்டும் மனதிலேயே வைத்துக்கொண்டான். மனது நாலு நாள் தாங்கியது. அதற்குப் பிறகு கீல் கேட்டவர் வீட்டுக்குக் குழாய் போனது. தாழ்ப்பாள் கேட்டவர் எலிப்பொறியோடு திரும்பி வந்து நின்றார்.

மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஜாமு, கீமுன்னு ஏதோ சொன்னீங்களே மாப்பிள்ளை, அதைத்தான் செஞ்சு பாருங்களேன்" என்றார். நல்ல மனுஷன். ஆனாலும் அந்த நாற்காலி அவன் கனவில் வந்துகொண்டிருந்தது. மாசக் கடைசியில் ஜாம் ஓடவில்லையென்றால் மிச்ச ஆயுள் முழுக்க அந்தச் சுவர்தான்.

அதனால் மறுநாள் காலையில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், தன் பாட்டில்களில் இருந்த பார்கோடுகளில் மார்க்கர் பேனாவால் ஆளுக்கொரு கோடு கூடுதலாகப் போட்டுவிட்டு வந்தான். பூனையை அடித்தாயிற்று என்று நிம்மதி.

சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார். "சார், உங்க பாட்டில் ஒன்னைக்கூட மெஷின் படிக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் கூடையில போட்டு வெச்சிருக்கோம். வந்து தூக்கிட்டுப் போங்க."

தூக்கி வந்து, ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாக மார்க்கரைத் துடைத்தான். பிறகு எவனோ இணையத்தில் விற்ற ஒரு எண்ணை மலிவாக வாங்கி, புது ஸ்டிக்கர் அடித்தான். பழைய கோட்டின் மேல் ஒட்டினால் பக்கத்திலிருக்கும் ஆரஞ்சுப் பழம் மறைந்துவிடும். அதனால் முன்பக்கத்தில் ஒட்டினான்.

இப்போது பாட்டிலுக்கு முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு. மெஷின் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கத்தைச் சொன்னது. பின்பக்கம் பூனை உணவு. முன்பக்கம் கழிவறை பிரஷ்.

மேனேஜர் அவனை நேரிலேயே வரச் சொன்னார். அவர் அறையில் ஜன்னல் இல்லை. மேஜைமேல் மூன்று பாட்டில்கள் குற்றவாளிகள் மாதிரி நின்றன.

"ஒரு அம்மா பில்லைப் பாத்துட்டு ஊரையே கூட்டிட்டாங்க சார். முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க. பூனையா, கக்கூஸா?"

"ஜாம் சார்."

"அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே?"

கக்கூஸைவிடப் பூனை மேல் என்று முன்பக்க ஸ்டிக்கரைப் பிய்த்தான். நல்ல பசை. மனைவி ராத்திரி கண்விழித்துப் பெயர் எழுதிக் கொடுத்து, அழகாக அச்சடித்த லேபிளில் 'ஜாம்' என்ற வார்த்தை இருந்த இடம் ஸ்டிக்கரோடு சேர்ந்து வந்துவிட்டது. ஒரு பாட்டில் மிச்சமில்லாமல் அப்படித்தான் வந்தது. இப்போது பாட்டிலில் ஒரு ஆரஞ்சுப் பழம் மட்டும் இருந்தது, என்னவென்று சொல்லத் தெரியாத ஊமை மாதிரி.

மறுபடி கடையில் கொண்டுபோய் வைத்தான். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் ஜாம் வரிசையில் அவன் பாட்டில்கள் இல்லை. சரக்கு அடுக்குகிற ஆளைப் பிடித்துக் கேட்டான்.

"பேர் இல்லாத பாட்டிலா? ஸ்கேன் பண்ணிப் பாத்தேங்க. எங்க போகணுமோ அங்க வெச்சுட்டேன்."

எங்கே போக வேண்டுமோ அங்கேதான் இருந்தன. கடையின் கடைசிச் சந்தில், ட்யூப்லைட் மின்னி மின்னி அணைகிற இடத்தில், நாய்ச் சோப்புக்கும் பூனை மணலுக்கும் நடுவில்.

அவன் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தான். எவ்வளவு பழம், எவ்வளவு நேரம், எத்தனை தடவை கையைச் சுட்டுக்கொண்டது! எடுத்துப் பழைய இடத்தில் வைக்கலாம்தான். ஆனால் அந்த ஆள் மறுபடி ஸ்கேன் பண்ணி இங்கேயே கொண்டுவந்து வைப்பான். நடப்பது நடக்கட்டும் என்று திரும்பிவிட்டான்.

நடந்ததுதான் அதிசயம். அடுத்த வாரம் மேனேஜர் தானாகவே போன் செய்தார்.

"சார், சரக்கு தீந்துடுச்சு. இன்னும் பெட்டி அனுப்புங்க."

அனுப்பினான். அதுவும் தீர்ந்தது. மறுபடி அனுப்பினான். கூடத்தில் பெட்டிகள் குறையக் குறைய, மாமனார் உட்கார நாற்காலி போடும் அளவுக்கு இடம் வந்தது.

மாசக் கடைசியில் மேனேஜர் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஜாம்னு பாத்தா ஜீரோ சார். பூனை உணவுன்னு பாருங்க, பிச்சுக்கிட்டுப் போகுது! ஜாம் வரிசையில எனக்கு இடமே இல்ல. பூனை உணவாவே தரதுன்னா எவ்வளவு வேணாலும் எடுத்துக்கறேன். என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது? 'சரி' என்றான். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது எதையோ புதைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது. இனிமேல் யாரும் அவன் ஜாமை ரொட்டியில் தடவி ஒரு கடி கடித்துவிட்டு, 'அட!' என்று சொல்லப் போவதில்லை. ஆனாலும் வாங்குகிறார்களே. முகம் தெரியாத யார் யாரோ தேடி வந்து வாங்குகிறார்களே. அது ஒன்றுதான் தெம்பு.

புது லேபிளில் மீசை வைத்த பூனை படம் போட்டான். மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, நிஜமாவே பூனை இதைத் தின்னுமா?"

"தின்னாமலா இப்படித் தீருது?"

"எனக்கென்னமோ நம்பிக்கையில்ல. வாங்க, பாத்துடுவோம்."

பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் படுத்திருந்தது. ஒரு தட்டில் ஜாம் போட்டு, மண்தரையில் வைத்தார்கள். பூனை இறங்கி வந்தது. முகர்ந்தது. நிமிர்ந்து அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தது. பிறகு முன்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, தட்டையே மூடிவிட்டுப் போய்விட்டது.

"நல்லடக்கமே பண்ணிட்டுப் போயிடுச்சு" என்றாள் மனைவி.

"அது திமிரு புடிச்ச பூனை. எல்லாப் பூனையும் அப்படியா?"

அந்த நேரம் பார்த்து மாமனார் வாசலில் வந்து நின்றார். கையில் கனமான பை. மாசக் கடைசி என்பதால் முகத்தில் ஒரு கலவரம்.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை? மேனேஜர் என்ன சொன்னாரு?"

"இடம் கிடைச்சுடுச்சு மாமா. ஜாமா இல்ல, பூனை உணவா. விட்டுடலாமான்னு கூட இருக்கு."

"விடறதா?" மாமனார் பதறிப்போனார். "பூனைக்கோ யானைக்கோ, ஓடுதுல்ல? விட்டுடாதீங்க மாப்பிள்ளை! உங்க கையைப் புடிச்சுக் கேக்குறேன், கெட்டியாப் புடிச்சுக்கோங்க!"

கையைப் பிடிப்பதற்காகப் பையைக் கீழே வைத்தார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

"பையில என்னப்பா?" என்றாள் மகள்.

"ஆணிம்மா" என்றார் மாமனார், சட்டென்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு. உடனே கிளம்பியும் விட்டார். எப்போதும் வரும்போதும் போகும்போதும் சொல்கிற அந்த நாற்காலிப் பேச்சை அன்று அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் அவன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனான். கடைசிச் சந்தில் அவன் ஷெல்ஃப் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. பூனை மணலும் நாய்ச் சோப்பும் வைத்தது வைத்தபடி தூசி படிந்து கிடக்க, அவனுடையது மட்டும் காலி. மனதில் கனம் கொஞ்சம் இறங்கியது. ஒரு ரொட்டி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பில் போடப் போனான். அதே பெண்.

"சார், வாங்க வாங்க! உங்க சரக்கு இப்ப சக்கப்போடு போடுது, தெரியுமா?"

"தெரியும்மா." நிறைய நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான். "யாரும்மா வாங்குறாங்க? எந்த மாதிரி ஆளுங்க?"

"ஆளுங்க எல்லாம் இல்ல சார், ஒரே ஆளுதான்! ஒரு பெரியவரு, பையில கொள்ளுற வரைக்கும் அள்ளிட்டுப் போறாரு. எத்தனை பூனை ஐயா உங்க வீட்லன்னு கேட்டேன். 'ஒன்னே ஒன்னுதாம்மா, மாப்பிள்ளை. இது மட்டும் ஓடலன்னா நேரா வந்து என் கடையில உக்காந்துடுமே'ன்னு கண் கலங்குறாரு. ஏன் சார், ஒரு பூனைக்குப் போய் யாராவது மாப்பிள்ளைன்னு பேர் வைப்பாங்களா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"