சோதனை சாரின் பொதுப்பெட்டி

கோழிகளுக்காகத் தூக்கம் கெட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரும் எங்கள் ராஜபாளையத்தில்தான் இருந்தார்.

எண்பதுகளில் நான் டைப்பிஸ்டாக இருந்த கால்நடை ஆஸ்பத்திரியில் அவர் லேப் உதவியாளர். எதற்கெடுத்தாலும் “சோதனை பண்ணிப் பாத்திருவம்” என்பார். சோதனை சார் என்றே பெயர் நின்றுவிட்டது. டாக்டர் மட்டும் “எனக்கு வந்த சோதனை” என்பார்.

கோழிக் கழிச்சலுக்குப் புதுத் தடுப்பு மருந்து கண்டுபிடிக்க, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து ஒரே ஆராய்ச்சிக்கூடம் வேண்டும். அதுதான் அவர் கனவு.

“ஊருக்கொரு மிஷின் எதுக்கும்மா? அவிய டாக்டரும் வரட்டும், நம்ம டாக்டரும் வரட்டும். நாம செத்த பொறவும் அது ஓடணும்.”

அவர் சொல்லச் சொல்லத் திட்டத்தை அடிப்பேன். ஒரு கமா மாறினாலும் முதலிலிருந்து அடிக்கச் சொல்வார். எரிச்சலாக வரும். ஆனாலும் அவர் லீவு போட்டால் எனக்கு ஆபீஸே பிடிக்காது.

முதலில் வந்தது, ஒரு மில்காரர் கொடுத்த பழைய ஃபிரிட்ஜ். இரண்டு ஊருக்கும் சொந்தம் என்று காட்டக் கதவில் சிவப்புப் பெயிண்டால் ‘பொது’ என்று எழுதினார். ஆஸ்பத்திரித் தெருவில் அப்போது வேறு ஃபிரிட்ஜ் ஏது? மூன்றாம் நாள் மருந்துப் புட்டி பக்கத்தில் மல்லிகைப்பூ. நாலாம் நாள் பால்கோவா. பிறகு எதிர்வீட்டுப் பாத்திமாக்கா இட்லி மாவோடு வந்துவிட்டார்.

“ஏக்கா, இது மருந்துப் பெட்டி!”

“பொதுன்னு நீங்கதான எழுதிருக்கீய? நான் பொதுவுல சேத்தியில்லையாக்கும்?”

சார் மருந்துப் புட்டிகளை ஒதுக்கி மாவுக்கு இடம் விட்டார். மறுநாள் காலையில் மாவு பொங்கி வழிந்து கிடந்தது. கத்தப் போகிறார் என்று பார்த்தால், குதிக்கிறார்!

“ராத்திரி கரண்டு போயி பெட்டி சூடாயிருக்கு, நமக்குத் தெரியல. மாவு சொல்லிருச்சு பாத்தியளா? இந்த மருந்து இனி ஆவாது.”

அன்றே திட்டத்தில் மாவுக்கும் ஒரு பத்தி ஏறியது.

மதுரையிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். அவர் சரி என்றால்தான் கூடம். நேராகப் போய்க் கதவைத் திறந்தார்.

“என்னய்யா இது?”

“மாவு சார். பெட்டிக்குக் காய்ச்சல் வந்தா காட்டிக்குடுக்கும்.”

அதிகாரி சிரிக்கவில்லை. திட்டத்தை என் மேஜையில் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அடுத்த மாதமே சாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே சொன்னார்: “டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் வாங்கி வைங்கம்மா. அடுத்த திட்டம் இதவிடப் பெருசு. எழுதி அனுப்புதேன்.”

வாங்கி வைத்தேன். தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலைப் பார்த்தேன். தொண்ணூறுகளும் போயின. நான் ரிடையர் ஆகும்வரை ஒரு கார்டுகூட வரவில்லை.

சார், திட்டம்கூட வேண்டாம். ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போங்கள்.