டச்சு கும்பிட்ட கல்மேடு

உலகத்தில் பழைய பொருள் ஒன்று இருந்து, அதை டச்சுக்காரன் செய்யவில்லை என்றால், அது தோணிரேவு 'டச்சு'வின் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம். மீன்பிடித் தொழில்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. உடைந்த ஓடு, துருப்பிடித்த ஆணி, பாசி பிடித்த கிணறு, எதைக் காட்டினாலும் "இது டச்சுக்காரன் போட்டதுபா" என்பார். ஒருநாள் அவர் மனைவி தட்டில் பழையதை வைத்து, "இதையும் அவன்தான் ஆக்கி வெச்சிட்டுப் போனான். துன்னு" என்றாள்.

நான் அப்போது தோணிரேவை ஒட்டிய பழவேற்காட்டில் வாத்தியார். என்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம், நான் மறுத்துப் பேசமாட்டேன். மறுத்தால் அரை நாள் போய்விடும்.

திருப்பாலைவனம் பக்கம் பொட்டல்வெளியில் ஒரு மேடு உண்டு. சுற்றிலும் வட்டமாகப் பெரிய கற்கள். அது டச்சுத் துரையின் சமாதி என்று இவர் தீர்ப்பளித்திருந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பிக்கு ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அங்கேதான் படையல் போடுவார். தம்பியின் உடல் கிடைக்கவில்லை, புதைத்த இடம் என்று ஒன்று கிடையாது. "துரை ஒண்டியாத்தான் கீறான். தம்பிக்குக் கொஞ்சம் எடம் குடுக்க மாட்டானா?" என்று என்னிடம் கேட்டார். பாவமாக இருந்தது. அன்றைக்கு மறுக்க நினைத்திருந்தாலும் வாய் வந்திருக்காது.

ஒருநாள் மண் அள்ளுகிற புண்ணியவான்கள் பொக்லைனோடு வந்து மேட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போனார்கள். நாடு முன்னேற வேண்டாமா? மீதிக்கும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். டச்சு சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தார். பழவேற்காட்டுக்குள் இருக்கிற டச்சுக் கல்லறைக்கு அரசாங்கம் வேலி போட்டுப் பலகையும் வைத்திருக்கிறது. இதையும் டச்சு என்று சொல்லிவிட்டால் தம்பியின் இடம் தப்பும் என்பது அவர் கணக்கு. என்னைப் பிடித்து மனு எழுத வைத்தார். அதிசயமாக, ஒரு தொல்லியல் அதிகாரி வந்தே விட்டார்.

அவர் வெட்டுப்பட்ட பக்கத்தில் மண்டியிட்டு பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளினார். உடைந்த முதுமக்கள் தாழி ஒன்றின் விளிம்பு தெரிந்தது. மேலே சரிந்து கிடந்த மண்ணிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரும் வந்தது.

"இது எந்தக் காலத்துப் பொருள்?" என்றார் அதிகாரி.

"போன தை அமாவாசை சார்," என்றார் டச்சு. "தம்பி டீ குடிப்பான்."

அதிகாரி டம்ளரைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். "பெரியவரே, இது டச்சு இல்ல. அவங்க வர்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல முந்தினது."

டச்சுவின் முகம் செத்துப்போயிற்று. "இன்னா சார் இப்டி சொல்லிட்டீங்க? அப்போ வேலி கெடையாதா? மிச்சத்தையும் வாரிக்கினு பூடுவானுங்களே."

"இதுக்குத்தான் முதல்ல வேலி போடணும். இனிமே இங்க யாரும் மண் அள்ளக் கூடாதுன்னு இன்னிக்கே சொல்லிட்டுத்தான் போவேன்."

டச்சு நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் மூச்சு விட்டார். "அப்போ உள்ள கீறது யாரு சார்?"

"நம்ம ஊர் ஆளுங்கதான்."

ஆயுசு முழுக்கக் கட்டி வைத்த டச்சு சாம்ராஜ்யம் ஒரே வரியில் சரிந்துவிட்டதே, மனிதர் உடைந்துபோவார் என்று பயந்தேன். அவர் டம்ளரை மறுபடியும் மேட்டின்மேல் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"நல்லதாப் போச்சு வாத்தியாரே. துரை பேசறது புரியாம தம்பி இத்தினி வருஷமா தவிக்கிறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."