ஆணையர் மகள் வீட்டைவிட்டு வெளியேறிய வைபவம்

பொதுக் கட்டடங்கள் துறையின் ஆணையருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு. மகன் ஏற்கெனவே உதவி ஆணையர் ஆகிவிட்டபடியால் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மகளை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். பட்டம் வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டு, காதோரம் ஒரு நரைமுடி எட்டிப் பார்த்த பிறகும் அவள் பாப்பாதான். அந்தக் குடும்பத்தில் பதவி கிடைத்த பிறகுதான் ஒருவருக்குப் பெயர் கிடைக்கும்.

பாப்பாவுக்கென்று ஒரு பாதை தயாராக இருந்தது. அரசுத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் அதிகாரி ஆகலாம். தேறாவிட்டால், தேறிய ஒருவனுக்கு மனைவி ஆகலாம். எது நடந்தாலும் வாசலில் அரசாங்கக் கார் வந்து நிற்கும் என்பதால் வீட்டில் யாரும் அவளை எதற்கும் வற்புறுத்தவில்லை. அவ்வளவு முற்போக்கான குடும்பம்.

அப்படிப்பட்டவள் ஒரு நாளிதழில் நிருபராகப் போய்ச் சேர்ந்தாள்.

"நிருபர்னா, நம்ம கேட்டுக்கு வெளிய நிப்பாங்களே, அவங்களா?" என்று கேட்டார் அம்மா.

"ஆமாம்மா."

"வெயில்லயாடி?"

"வெயில் அடிச்சா வெயில்லதான்."

அம்மா கலங்கிப் போய் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "போகட்டும் விடு. ஊர்ல என்ன நடக்குதுன்னு நம்ம வீட்டுலயும் ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கறது நல்லதுதான். எனக்கு வேலை இருக்கறதால அதுக்கெல்லாம் நேரம் கிடைக்கறதில்ல" என்றார்.

பாப்பாவுக்குப் பத்திரிகையில் கிடைத்த முதல் வேலை, அரசு மருத்துவமனையில் மின்தூக்கி திறப்பு விழா. அந்த மருத்துவமனையைக் கட்டியவர்கள் நன்றாக யோசித்தே கட்டியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் கண்காணிப்பாளர் அறை, துணைக் கண்காணிப்பாளர் அறை, கூட்ட அறை, கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்க ஓர் அறை, கூட்டம் முடிந்து தேநீர் குடிக்க ஓர் அறை. கால் முடங்கியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் எல்லாம் மூன்றாம் மாடி. அதிகாரிகளுக்கு மூட்டுவலி இருந்ததால் வேறு வழியில்லை.

சிறப்பு விருந்தினர் வேறு யாருமல்ல, ஆணையரேதான். சிவப்பு நாடாவை வெட்டினார். பொத்தானை அமுக்கினார். பளபளவென்று இரண்டு கதவுகளும் விலகின. எல்லோரும் கைதட்டினார்கள், பழக்கதோஷத்தில் பாப்பாவும் தட்டினாள். உள்ளே இருட்டு. மேலேயிருந்து ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. கைதட்டல் சத்தத்துக்கு ஒரு புறா படபடவென்று வெளியே பறந்து வந்தது. ஆணையர் அனுபவசாலி, காலை உள்ளே வைக்கவில்லை. "மக்கள் சேவைக்கு அர்ப்பணிக்கிறேன்" என்றார். கதவுகள் மூடிக்கொண்டன.

பாப்பா கண்காணிப்பாளரைப் பிடித்தாள்.

"சார், லிஃப்ட்டுக்குள்ள பெட்டியே இல்லையே?"

"இன்னிக்கு என்ன விழாம்மா?"

"திறப்பு விழா."

"கதவு திறந்துச்சா, இல்லையா?"

"திறந்துச்சு."

"அப்புறம் என்ன? ஆளை ஏத்தற விழான்னு நாங்க எங்கயாவது போட்டிருக்கோமா?"

"பெட்டி எப்ப சார் வரும்?"

"அது வேற பிரிவு. கதவு தயாரா இருந்தாத்தான் பெட்டி அனுப்புவோம்னு அவங்க எழுதியிருந்தாங்க. கதவு தயார்னு அவங்களுக்கு எழுதணும்னா முதல்ல கதவைத் திறந்து வைக்கணும் இல்லையா? எல்லாம் முறைப்படிதான் நடக்குது. நீங்க தேநீர் சாப்பிட்டீங்களா?"

அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து "வழி விடுங்க! வழி விடுங்கய்யா!" என்று ஒரு சத்தம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவியை உட்கார வைத்து, முன்னால் மகளும் பின்னால் வார்டு ஆளுமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எக்ஸ்ரே அறை கீழே இருந்தது. மகள் தையல்காரி, கழுத்தில் அளவு நாடாகூட அப்படியே தொங்கியது. முந்தின வாரம் இதே படியில் நாற்காலிக் கால் முறிந்து, பக்கவாதத்தில் ஏற்கெனவே ஒரு பக்கம் விழுந்துபோன அந்தக் கிழவிக்கு நன்றாக இருந்த கையும் முறிந்துவிட்டது. அந்தக் கையைப் படம் எடுக்கத்தான் இப்போது மறுபடியும் அதே படியில் இறக்கம். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஆணையரும் ஒதுங்கினார். பொதுமக்களுக்கு வழிவிடுவதில் அவர் எப்போதும் முன்னால் நிற்பவர்.

பாப்பாவுக்குத் தான் கைதட்டியது ஞாபகம் வந்தது. உள்ளங்கை எரிவதுபோல இருந்தது. நேரே அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து, புறா உட்பட ஒன்று விடாமல் எழுதினாள்.

ஆசிரியர் சாய்ந்தபடியே படித்தார்.

"யாரும்மா திறந்து வச்சது?"

"ஆணையர்."

"ஆணையர்னா, அவர் உங்களுக்கு..."

"எங்கப்பா."

பத்திரிகை முதலாளி வந்தால்கூட முழுதாக எழுந்திருக்காத ஆசிரியர், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். மறுநாள் முதல் பக்கத்தில் கட்டுரை வந்தது. தலைப்பு: "தந்தையைத் தட்டிக்கேட்ட தங்க மகள்!" மருத்துவமனை என்ற சொல் மூன்றாம் பத்தியில் ஒரு தடவை வந்தது.

"சார், செய்தி லிஃப்ட்டைப் பத்தி" என்றாள் பாப்பா.

"லிஃப்ட்டைப் பத்தி நாங்க முன்னாடியே எழுதியிருக்கோம்மா. வரன் விளம்பரத்துக்குக் கீழ வந்துச்சு. ஒருத்தனும் படிக்கல. லிஃப்ட் ஓடாதது ஒரு செய்தியா? அது ஓடினாத்தான் செய்தி. ஆனா பெத்த பொண்ணே அப்பாவை எதிர்த்து எழுதிட்டான்னா, ஆகா!" ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் பூகம்பம் வெடிக்கும் என்று பாப்பா பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். காலையில் கீழே இறங்கி வந்தபோது ஆணையர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அவள் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

"நல்ல நடை, பாப்பா. புறா விஷயம் பிரமாதம்."

"உங்களுக்குக் கோவம் வரலையாப்பா?"

"எதுக்கு? எங்க துறையைப் பத்தி முதல் பக்கத்துல வந்து எவ்வளவு காலம் ஆச்சு! புகார் வந்தாத்தான் விசாரணைக் குழு. குழு போட்டாத்தான் அதுக்கொரு தலைவர். இன்னிக்குக் காலையிலயே அமைச்சர் கூப்பிட்டுட்டார். என்னையே தலைவரா இருக்கச் சொன்னார்."

"உங்க மேலதானே புகாரே!"

"அதனாலதான். அந்த லிஃப்ட்டைப் பத்தி என்னைவிட விவரம் தெரிஞ்சவன் யாரு?"

அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "உன் போட்டோவைக் கொஞ்சம் பெரிசாப் போட்டிருக்கலாம்டி."

பாப்பாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடித்து விரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இப்படித் தட்டிக்கொடுத்ததுதான் தாங்க முடியவில்லை. "நான் இந்த வீட்டை விட்டுப் போறேன். உங்க பதவி, உங்க கார், எதுவும் எனக்கு வேண்டாம்!" என்று கத்தினாள்.

"காரை எடுத்துக்கிட்டுப் போ. பெட்டி கனமா இருக்கும்" என்றார் ஆணையர்.

அவள் நடந்தே போனாள். அச்சகத் தெருவில் ஒரு இரும்புக்கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. சன்னல் கதவு ஒன்றுதான் இருந்தது. காலையில் கீழே தகடு வெட்டும் சத்தம் ஆரம்பித்தால் பல் கூசும். ஆனாலும் முதல் நாள் தானே தண்ணீர் கொண்டுவந்து, தானே காப்பி போட்டு, அது ஆறிப்போன பிறகு குடித்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக எதையோ கிழித்துக்கொண்டு வெளியே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்தச் சந்தோஷம் அடுத்த ஞாயிறுவரை நீடித்தது. அன்றைக்கு அம்மா தன் சங்கத்துத் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதிகாரிகள் மனைவியர் சங்கம். ஏழைகளுக்கு என்ன தேவை என்று கூடிக் கூடிப் பேசும் அமைப்பு.

"இதுதான் பாப்பா கலகம் பண்ணிட்டு வந்து இருக்கற ரூம்" என்று அம்மா சுற்றிக் காட்டினார். குரலில் பெருமை வழிந்தது.

"சுவர் தானா இப்படி உதிருதா, இல்ல, ஆள் வச்சுப் பண்ணினதா?" என்று நீதிபதி மனைவி தடவிப் பார்த்தார்.

"தானாத்தான் ஆன்ட்டி."

"எங்க வீட்டு அலங்காரக்காரன் இந்த மாதிரி வராதுங்கறான். வந்து பாருடான்னு அனுப்பறேன். என் பொண்ணும் அடுத்த மாசம் எங்களை எதிர்த்துக்கிட்டு வெளிய போறா. கார் ஷெட்டுக்கு மேலதான். ஏசி மட்டும் வச்சுக் கொடுத்திருக்கோம்."

அந்தப் பருவத்தில் நகரத்துப் பெரிய வீடுகளில் வீட்டைவிட்டு வெளியேறாத பெண்ணே இல்லை என்றாகிவிட்டது. வெளியேறாத ஒருத்திக்கு ஏதோ உடம்புக் கோளாறு என்று பேச்சு கிளம்பி, பாவம், வந்த வரன் தட்டிப்போயிற்று.

பாப்பா விடாமல் எழுதினாள். ஆணையரும் விடாமல் விசாரித்தார். குழுவின் அறிக்கை வெளிவந்தது. மின்தூக்கியில் குறை எதுவும் இல்லை. மருத்துவமனையின் உயரம்தான் கூடுதலாக இருக்கிறது. நோயாளிகள் மூன்றாம் மாடியில் இருப்பதால்தான் அவர்களை மூன்றாம் மாடிக்குத் தூக்க வேண்டியிருக்கிறது என்று கண்டறியப்பட்டது. இவ்வளவு நுட்பமாகக் கண்டறிந்ததற்காக ஆணையருக்கு முதன்மை ஆணையராகப் பதவி உயர்வு கிடைத்தது. பாப்பாவுக்கு அஞ்சா நெஞ்ச எழுத்தாளர் விருது கிடைத்தது. விருதை வழங்குபவர் முதன்மை ஆணையர் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது.

விழா அன்று பாப்பா ஒரு முடிவோடுதான் மேடையேறினாள். ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"அந்த மருத்துவமனையில இன்னிக்குக் காலையிலயும் ஒரு பாட்டியை நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுத்தான் போனாங்க. லிஃப்ட் ஓடல. ஓடாத லிஃப்ட்டுக்காக இங்க ரெண்டு பேருக்கு மரியாதை நடக்குது. எனக்கு இந்த விருது வேண்டாம். கொடுக்கறவருக்குக் கொடுக்கற யோக்கியதையும் இல்ல."

அரங்கம் மொத்தமாக எழுந்து நின்று கைதட்டியது. அமைச்சர் தட்டினார். கண்காணிப்பாளர் விசிலடிக்காத குறை. முதன்மை ஆணையர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம், "என் ரத்தம் சார்" என்றார். விருதை மறுக்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மறுத்த துணிச்சலைப் பாராட்டி இன்னொரு அமைப்பு இன்னொரு விருது அறிவித்தது.

இரண்டு நாள் பாப்பா அறையைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. தையல்காரி நின்றிருந்தாள்.

"நீங்க மேடையில பேசினதைக் கேட்டேன்மா. அப்படியே எங்கம்மாவைப் பத்தியே பேசினீங்க. அழுதுட்டேன்."

"உள்ள வாங்க. லிஃப்ட் வர்ற வரைக்கும் நான் விடமாட்டேன். நாளைக்கு மறுபடியும் எழுதறேன்."

"லிஃப்ட்டு கிடக்குது விடுங்க" என்றாள் தையல்காரி. "எங்கம்மாவைக் கீழ்த்தளத்துக்கு மாத்தணும். உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அவர்கிட்ட நான் பேசறதில்லையே. அவரை எதிர்த்துட்டுத்தானே வெளிய வந்தேன்? இப்ப நானே போய்ச் சிபாரிசு கேட்டா இத்தனை நாள் எழுதினதுக்கு என்ன அர்த்தம்?"

"உங்க சண்டை பெரிய இடத்துச் சண்டைம்மா. நான் குறுக்க வரல. ஆனா படியில தூக்கறது நானு. போன தடவை அம்மா நாற்காலியில இருந்துகிட்டே, என்னை இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுடின்னு அழுதுச்சு. நீங்க நாளைக்கு எழுதுவீங்க. நாளைக்குக் காலையில மறுபடியும் எக்ஸ்ரேக்கு வரச் சொல்லியிருக்காங்க."

பாப்பா சன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். கீழே தகடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தொலைபேசியை எடுத்தாள். "அப்பா" என்றாள். அதற்கு மேல் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் அறை காலியாகி, அதில் ஒரு கட்டில் போடப்பட்டு, கிழவி சன்னலோரமாகப் படுத்திருந்தாள். அதிகாரிகள் கூட்ட அறையிலேயே தேநீர் குடித்தார்கள். அதனால் அரசு இயந்திரம் நின்றுவிடவில்லை. பாப்பா போய்ப் பார்த்தாள். கிழவி கட்டுப்போட்ட கையால் அவள் விரலைத் தொட்டாள். பாப்பாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தவள் திகைத்தாள். வாசலிலிருந்து படிக்கட்டு வழியாக இரும்புக்கடை தாண்டித் தெருமுனைவரை ஆட்கள் நின்றிருந்தார்கள். நிறையப் பேர் கையில் அவள் கட்டுரை. முதல் ஆளாக நின்றவர் அவளுடைய ஆசிரியர்.

"நீங்களா சார்?"

"நம்ம பையன் ஒருத்தன் பாலிடெக்னிக் முடிச்சிருக்கான்மா. உங்கப்பா துறையில ஒரு இடம் இருக்காம். எதிர்க்கறதெல்லாம் அது பாட்டுக்கு எதிர்ப்போம். இது தனி."

பாப்பா படியில் இரண்டடி இறங்கி நின்று குரலை உயர்த்தினாள்.

"எல்லாரும் என் கட்டுரையைப் படிச்சீங்க இல்ல? ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பத்திக் கேக்கணும்னு உங்கள்ல யாராவது வந்திருக்கீங்களா?"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவிலிருந்து ஒரு பெரியவர், விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்:

"லிஃப்ட்டு வந்தா எல்லாருக்கும்ல வந்துரும்? அதுல எனக்கு என்னம்மா இருக்கு?"

கூட்டம் ஆமோதித்துத் தலையாட்டியது. தெருமுனையில் புதிதாக வந்து சேர்ந்த ஒருவன், "எதுக்குங்க இங்க நிக்கறாங்க?" என்று விசாரித்தான்.

"அநியாயத்தைத் தட்டிக் கேக்கற பொண்ணு ஒண்ணு இருக்குல்ல, அது இங்கதான் குடியிருக்குது. அப்பாகிட்டச் சொல்லி முடிச்சுக் கொடுக்குமாம்" என்றாள் முன்னால் நின்றவள். அவனும் பின்னால் நின்றுகொண்டான்.

பாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்திவிடலாம் என்றுதான் கையை வைத்தாள். ஆசிரியருக்குப் பின்னால் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"தள்ளாதீங்க" என்றாள் பாப்பா. "ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."