கெனால் வியூவுக்கு வந்த மிஸிஸ் மெக்கீன்

எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை, நான் முடிவெடுத்தேன். இனித் துணி அளப்பதில்லை. பதுளைக் கடைவீதியில் வொயில் சேலைகளை விரித்து விரித்து என் இரண்டு கையும் கெஜக்கோலாகிவிட்டன. நான் ஹோட்டல் முதலாளியாகப் போகிறேன்.

ரொட்டியும் ப்ளேன்டீயும் விற்கிற ஹோட்டல் இல்லை. சொகுசு ஹோட்டல். துன்ஹிந்தை நீர்வீழ்ச்சி பார்க்க வெள்ளைக்காரர்கள் கமெராவும் கையுமாக வந்து இறங்கிய காலம் அது. ஊர்க்கோடியில், வாய்க்காலோரம், எங்களுக்கு ஒரு பழைய கட்டடம் இருந்தது. காப்பிக் காலத்தில் எவனோ ஒரு துரை கருங்கல்லில் கட்டிய காப்பி ஸ்டோர். என் வாப்பா வாங்கிப் போட்டது. உள்ளே வௌவால்கள் வாடகையில்லாமல் குடியிருந்தன.

மனைவி ஸுபைராவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பேரு 'கெனால் வியூ'. ஜன்னலைத் தொறந்தா கால்வாய்."

"கால்வாயா? அதுல கால் பங்குதான் தண்ணி. முக்கால் பங்கு சேறு."

"வெள்ளைக்காரனுக்கு அதுதான் புடிக்கும். பழசு. சரித்திரம்."

"வௌவாலும் சரித்திரமா?"

"அதை நான் வெரட்டிருவேன். நீ சமைக்கிறது, கூட்டுறது, விரிப்பு தொவைக்கிறது, இதை மட்டும் பாத்துக்க."

"அப்ப நீங்க?"

"நான் மேனேஜர். கோட்டு போட்டு வாசல்ல நிப்பேன்."

அவள் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "நான் ஒரு வாரம் அந்த ரூம்ல இருந்து பாக்கவா? ஒரு வேலையும் செய்யாம, தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டு?"

"நீயா? அது விருந்தாளிக்கு, புள்ள. வீட்டு ஆளு படுத்தா மெத்தை அமுங்கிப் போகும்."

"சரி" என்றாள்.

சண்டை பிடிக்காமல் அவள் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

இரண்டு அறைக்கு வெள்ளையடித்தேன். கோட்டு தைத்தேன். போர்டு மாட்டினேன். மூன்று மாதத்தில் ஒரே ஒருவர் வந்தார். பெரகலைக்கு எந்த பஸ் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்போதுதான் பண்டாரவளையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. டைப் அடித்த இங்கிலீஷ். மிஸிஸ் இஸட். மெக்கீன் ஒரு வாரம் தங்க வருகிறாராம். கூடவே மணியோடர். ஒரே ஒரு நிபந்தனை: முதலாளி தன் கையாலேயே சமைத்துப் பரிமாற வேண்டும்.

"மெக்கீன்! சுத்தமான ஸ்கொட்லாந்துப் பேர்!" என்று குதித்தேன். "துரைசாணிங்களுக்கு இப்பிடித்தான் ஏதாவது கிறுக்கு இருக்கும். புள்ள, எனக்குச் சமையல் படிச்சுக்குடு!"

பத்து நாள் படித்துக்கொடுத்தாள். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. வெங்காயம் வெட்டி நான் அழுதேன். நான் தட்டிய ரொட்டி, உலகப் படத்திலுள்ள எல்லா நாட்டு வடிவத்திலும் வந்தது, வட்டத்தைத் தவிர. பத்தாம் நாள் வட்டமும் வந்தது.

"இனி நான் பண்டாரவளைக்குப் போய் தங்கச்சி ஸைனபைப் பாத்துட்டு வாறேன்" என்றாள். "நான் நின்னா உங்களுக்குக் கை நடுங்கும்."

என்ன புரிந்துணர்வு! பஸ் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இடுப்பு முறியக் குனிந்தேன். "வெல்கம், மேடம்!"

முதலில் ஒரு ரப்பர்ச் செருப்பு இறங்கியது. நிமிர்ந்தேன். ஸுபைரா.

"நீ எங்க இங்க? துரைசாணி வாற நேரம்! பின்பக்கமா ஓடு!"

"துரைசாணி வந்தாச்சு. பெட்டியை எடுங்க."

"மெக்கீன்...?"

"எங்க வாப்பா மக்கீன் ஹாஜியாரை மறந்துட்டீங்களா? இங்கிலீசுல அப்பிடித்தான் எழுதுறது. ஸைனபுட மாப்பிள்ளை ஆபீஸ்ல டைப் அடிச்சது."

"காசு?"

"என் சீட்டுக் காசு. ரசீதுல உங்க கையெழுத்து இருக்கு. காட்டவா?"

கார்க்காரன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். நான் பெட்டியை எடுத்தேன்.

விடிந்ததும் டீ கொண்டுபோனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய்க்காலைப் பார்த்தபடி, நிதானமாகக் கடைசி மடக்குவரை குடித்தாள்.

"கல்யாணம் முடிச்ச நாள்லேருந்து சூடா ஒரு டீ குடிச்சதில்ல" என்றாள். "நான் குடிக்க உக்காந்தாத்தான் உங்களுக்குச் சட்டைப் பொத்தான் காணாமப் போகும்."

பக்கத்தில் உட்காரலாமென்று நாற்காலியை இழுத்தேன்.

"விருந்தாளிக்கு முன்னால உக்காரலாமா? ரொட்டி எங்க?"

நாலாம் நாள், நிஜமாகவே ஒரு ஜெர்மன்கார ஜோடி வந்து மற்ற அறையை எடுத்தது. அவர்களுக்கும் சேர்த்து நானே சமைத்தேன், நானே விரிப்புத் துவைத்தேன். கோட்டு முழுக்க மாவு.

சாயந்தரம் மூவரும் வராந்தாவில் இருந்தார்கள். ஸுபைரா கான்வென்டில் படித்தவள். இங்கிலீஷில் வெளுத்து வாங்கினாள். நான் தட்டோடு நின்றேன்.

ஜெர்மன்காரன் என்னைக் காட்டிச் சொன்னது எனக்கு விளங்கியது. "மேடம், உங்கள் வேலைக்காரர் அருமையான ஆள். எவ்வளவு காலமாக இருக்கிறார்?"

நான்தான் முதலாளி என்று சொல்ல நெஞ்சை நிமிர்த்தினேன். வாயைத் திறப்பதற்குள் ஸுபைரா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பதினெட்டு வருசமா இருக்கார். போன வாரந்தான் வேலை பழகினார்."