ஆரோக்கியத்தின் வண்டியும் என் வயிற்றெரிச்சலும்

நான் பொறாமைக்காரன் இல்லை. எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன் எனக்கு முன்பே பர்மனென்ட் ஆனபோது முதலில் போய்க் கைகொடுத்தவன் நான்தான். என் ஜூனியர் ஒருவன் என்னைத் தாண்டிப் பெரிய க்வார்ட்டர்ஸுக்குப் போனபோது அவன் பீரோவைத் தூக்கி லாரியில் ஏற்றியதும் நான்தான். (ஏற்றும்போது கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. அது தற்செயல்.) ஆனால் ஆரோக்கியத்தின் கார் விஷயத்தில் மட்டும் ஒன்றரை வருஷம் எனக்குச் சோறு செரிக்கவில்லை.

ஆரோக்கியம் எங்கள் பக்கத்து க்வார்ட்டர்ஸ்காரன். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நான் அதே மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டர். அவன் தற்பெருமை பேசுகிறவனாக இருந்தால் நாலு பேரிடம் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவனோ எதையும் செய்துவிட்டு, “சும்மா கையை வெச்சேன், ஓடிருச்சி” என்பான். இப்படிப்பட்டவனை என்னதான் செய்வது?

பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி குடும்பம். அந்தக் காலத்தில் அண்ணன்காரர் ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, மேலே மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. தாங்க முடியாமல் தம்பிக்காரரும் அச்சு அசலாக அதே காரை வாங்கியிருக்கிறார். இரண்டும் குடோனில் முந்திரி மூட்டைகளுக்கு நடுவே கிடந்து, கோழி அடைந்து, துரு ஏறி, கடைசியில் ஆரோக்கியம் கையில் வந்து சேர்ந்தன. டிராக்டர் டிரெய்லரில் இரண்டையும் கொண்டுவந்து இறக்கினான். அண்ணன் கார் சரிசெய்து ஓட்டுவதற்கு, தம்பி கார் ஸ்பேருக்கு.

ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவன் காருக்கு அடியில்தான் கிடப்பான். ஒரே வருஷம். கோழி அடைந்த அந்தத் தகரம் ரத்தச் சிவப்பில் பளபளவென்று வாசலில் நின்றது. எங்கள் க்வார்ட்டர்ஸ் பிளாக்கே கூடிவிட்டது. அவன் மனைவி ஸ்டெல்லா டீச்சருக்குக் கார் ஓட்டத் தெரியும். பக்கத்திலிருக்கும் ஒற்றை சீட்டில் பிளாக் பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஒரு ரவுண்டு அழைத்துப் போனார்.

மூன்றாவதாகப் போனவள் என் மனைவி கலைச்செல்வி.

போகும்போது வாரிப் பின்னிய தலையோடு போனாள். வரும்போது முடியெல்லாம் பறந்து, பொட்டு நகர்ந்து, சிரித்துக்கொண்டே வந்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, ஸ்டெல்லா டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பிளாக்கில் ஜோக் அடிக்கிறவன் என்று பெயரெடுத்தவன் நான். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

“என்னா அப்படிச் சிரிச்சிகினு வர?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லைங்க. காத்து.”

காத்தாம். வீட்டில் இரண்டு ஃபேன் ஓடுகிறது, ஒரு ஏர்கூலர் வேறு. அதற்கெல்லாம் சிரிக்காதவள் ஆரோக்கியத்தின் காற்றுக்குச் சிரிக்கிறாள். அன்றே முடிவு செய்தேன். இவள் என் காரில் உட்கார்ந்து, இதே பிளாக்கின் முன்னால், இதைவிடப் பெரிதாகச் சிரிக்க வேண்டும். அதுவரை எனக்கு ஓய்வில்லை.

மறுநாளே ஆரோக்கியத்திடம் போய், ஸ்பேருக்கு வைத்திருந்த தம்பி காரைக் கேட்டேன். இல்லை என்பான், நன்றாகக் கோபித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை இருந்தது.

“எடுத்துக்கோயேன் முருகேசு, சும்மாதான கெடக்குது” என்றான். “நட்டு போல்ட்டெல்லாம் நீயே கழட்டி மாட்டிடுவ. டிஃபரன்ஷியல் மட்டும் என்னைக் கூப்பிடு. பின்வீல் ரெண்டுக்கும் நடுவுல இருக்கே, அந்தப் பெட்டி. அது கொஞ்சம் குசும்பு புடிச்சது.”

அதோடு விட்டானா? பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்த காரின் கையேட்டையும் நீட்டினான்.

“இருபது வருஷமா பெல்ட்டு ஓட்றேன். எனக்கு புக்கா?” என்று சொல்லிவிட்டு வந்தேன். (அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.)

பிறகு எட்டு மாதம் எங்கள் வீடு வீடாக இல்லை. எஞ்சினைச் சங்கிலிக் கப்பியில் கட்டித் தோட்டத்துப் பலா மரத்தில் தொங்கவிட்டிருந்தேன். பானெட் கட்டிலின் மேல் படுத்தது, நாங்கள் தரையில் படுத்தோம். கார்புரேட்டரின் சின்னச் சின்னச் சாமான்களை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக அடுக்கி மண்ணெண்ணெயில் ஊறவைத்தது என் சொந்த யோசனை. எவ்வளவு கழுவியும் வாசனை போகாமல் அந்த வாரம் முழுக்க உப்புமாதான். கழற்றி வைத்த கார் சீட் முன்ரூமில் சோபா ஆனது. வடக்குத்து கிராமத்திலிருந்து வந்த என் மாமனார் அதில் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நானும் என் மகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம்.

“மாப்ள, இது யாரு வண்டி?” என்று கேட்டார்.

“நம்ம வண்டிதான் மாமா.”

“அப்ப ஆரோக்கியம் தம்பி வண்டி ஓடுதே, அது?”

எல்லோரும் சேர்ந்து என்னை இப்படித்தான் கொன்றார்கள். நான் வேலை செய்யும்போது ஆரோக்கியம் வேலிக்கு அந்தப் பக்கம் தேநீர் டம்ளரோடு நிற்பான். ஒன்றும் சொல்லமாட்டான். அவன் சொல்லாமல் இருப்பதே எனக்கு அறிவுரை சொல்வது போல இருக்கும். அவன் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிற பகல் நேரமாகப் பார்த்து, அந்த டிஃபரன்ஷியல் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு பெரிய பல் சக்கரம். துடைத்து, கிரீஸ் போட்டுத் திரும்ப மாட்டும்போது ஒரு சின்னச் சந்தேகம். இது இடது பக்கம் பார்த்து இருந்ததா, வலது பக்கம் பார்த்து இருந்ததா? இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அழகாக உட்கார்ந்தது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கன்வேயரில் ஃபிட்டருக்குத் திசை என்று ஒரு கவலையே கிடையாது. மோட்டாரை மாட்டுவோம், பெல்ட்டை மாட்டுவோம், ஓட்டிப் பார்ப்போம். தப்பான பக்கம் ஓடினால் எலெக்ட்ரீஷியன் வந்து மூன்று ஒயரில் இரண்டை மாற்றிக் கொடுப்பார். அத்தனை பெரிய பெல்ட்டும் சமர்த்தாக மறுபக்கம் ஓடும். ஆக, இருபது வருஷமாகத் திசை என்பது எலெக்ட்ரீஷியனின் பிரச்சினை. அந்தப் பழக்கத்தில், கைக்கு வாட்டமான பக்கம் பார்த்துச் சக்கரத்தை வைத்து மூடிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் சோதனை ஓட்டம். தரை தொடாமல் பின்பக்கத்தைச் செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்தி, எஞ்சினைப் போட்டேன். பிடித்துவிட்டது. முதல் கியர் போட்டதும் ஸ்பீடாமீட்டர் முள் எழுந்தது. எனக்குக் கண் கலங்கியது.

வெளியே நின்று பார்த்த கலைச்செல்விதான் சொன்னாள். “என்னாங்க, சக்கரம் பின்னாடி சுத்துறாப்புல இருக்குதே.”

“நீ எந்தப் பக்கம் நின்னுகினு பாக்குறன்னு இருக்குது. இந்தப் பக்கம் நின்னா இப்படித் தெரியும், அந்தப் பக்கம் போனா அப்படித் தெரியும்.”

அவள் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள். “இங்கயும் பின்னாடிதாங்க சுத்துது.”

“சுத்துதா இல்லியா? அதைச் சொல்லு.”

“சுத்துது.”

“அவ்ளோதான்.”

ஆயுத பூஜை அன்று எங்கள் பிளாக்கில் எல்லா வண்டிகளையும் கழுவி, மைதானத்தின் ஓரமாக வரிசையாக நிறுத்துவோம். சைக்கிளிலிருந்து கார் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். தீபாராதனை முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும். ஆரோக்கியம் சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனால் பிளாக் விசேஷத்துக்கு வண்டியோடு முதல் ஆளாக வந்துவிடுவான். அன்றைக்கு முதல் இடம் எனக்குத்தான் வேண்டும் என்று நான் சண்டை போட்டு வாங்கினேன். அவன் உடனே தன் காரை நகர்த்திக்கொண்டான். (சண்டை போட எனக்கு ஆளே இல்லை. நானேதான் போட்டுக்கொண்டேன்.)

பூஜை போடாமல் தரையில் ஓட்டக்கூடாது என்று என் காரைப் பையன்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தேன். என் கார் மஞ்சள். அவன் சிவப்பு தெரியாத அளவுக்கு மஞ்சள். பின்னால் ஷாமியானா. அதன் கீழே பெஞ்சில் பொரி மூட்டைகள், அவல், கடலை, இரண்டு அண்டா சுண்டல். பக்கத்து சீட்டில் பட்டுப்புடவையில் கலைச்செல்வி. அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். சிரிக்கத் தயாராக இருந்தாள்.

பூசணிக்காய் உடைந்தது. ஆரோக்கியம் ஒரு பக்கமாக நின்று கை தட்டினான். நான் முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டேன்.

கார் பின்னால் போனது.

ஏதோ கை தவறி ரிவர்ஸ் விழுந்துவிட்டது என்று நினைத்து, எடுத்து மறுபடி முதல் கியர் போட்டேன். மறுபடி பின்னால். சக்கரத்துக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழம் நான்கும் அப்படியே முழுசாக நின்று என்னைப் பார்த்தன. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஒருவனைத் தவிர.

“முருகேசு, ரிவர்ஸ் போடு. ரிவர்ஸ் போட்டா முன்னாடி வரும்.” ஆரோக்கியத்தின் குரல்.

இவன் சொல்லி நான் கேட்பதா? அதுவும் இத்தனை பேர் முன்னால், ரிவர்ஸ் போட்டால் முன்னால் வரும் என்று கேலியா? முதல் கியரில் ஏதோ கோளாறு, இரண்டாவதில் சரியாகிவிடும் என்று இரண்டாவது கியரை அழுத்திப் போட்டேன்.

இரண்டாவது கியர் முதல் கியரைவிட வேகம். பின்னால்.

சுண்டல் அண்டாக்களை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெஞ்சு இடம் பெயர்ந்தது. பொரி மூட்டை மூன்று சாய்ந்து, கூரை திறந்த காருக்குள் எங்கள் இருவர் தலையிலும் முழுதாகக் கொட்டியது. எஞ்சின் நின்றது. இடுப்பு வரைக்கும் பொரியில் உட்கார்ந்திருந்தோம்.

ஆரோக்கியம் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். “அடி படலியே தங்கச்சி? ஒண்ணுமில்ல முருகேசு, உள்ள அந்தப் பல் சக்கரம் பக்கம் மாறி உக்காந்திருக்குது. இப்ப உனக்கு நாலு கியர் பின்னாடி, ஒண்ணு முன்னாடி.”

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று தோன்றியது. எங்கள் ஊரில் அதற்கும் வசதி இருக்கிறது, நிலக்கரிக்காக அவ்வளவு பெரிய பள்ளம் தோண்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. ஏதோ விம்மல் மாதிரிச் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

அழவில்லை. கொண்டையில் பொரி, மூக்குத்தியில் பொரி, வாய் நிறையப் பொரி. அதோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா டீச்சரோடு சிரித்தது எல்லாம் ஒன்றுமே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டேஷ்போர்டில் தலையை முட்டி முட்டிச் சிரித்தாள்.

“எறங்கு போலாம்” என்றேன்.

“எங்க எறங்கறது? ரவுண்டு போறேன்னு சொன்னீங்கள்ல, போங்க.”

“ரிவர்ஸ் போட்டு முன்னாடி போனா ஆமை மாதிரிதான் போவும்.”

“அப்ப பின்னாடியே போங்க. எனக்குக் காத்து வேணும்.”

சீட்டில் பின்பக்கம் பார்த்து முட்டி போட்டுக்கொண்டாள். கூரை இல்லாததால் வழி அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. “லெஃப்ட்ல ஒடிங்க, ஸ்கூட்டரு வருது, நேரா போங்க, இன்னும் கொஞ்சம் ஸ்பீடா” என்று அவள் வழிகாட்ட, பிளாக்கின் நாலு தெருவையும் நான் பின்பக்கமாகவே சுற்றினேன். வீட்டு வாசல்களில் கையில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் தட்டை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் திணறினார்கள். போகிற வழியெல்லாம் பொரி பறந்தது.

ஏதாவது ஆகிவிட்டால் உதவிக்கு இருக்கட்டும் என்று ஆரோக்கியமும் சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு தொடர்ந்து வந்தான். யோசித்துப் பாருங்கள். சாதாரணமாக நம்மைத் தொடர்ந்து வருகிறவன் முகம் நமக்குத் தெரியாது. நான் பின்னால் போகிறேன், அவன் என்னைப் பார்த்து வருகிறான். மூக்குக்கு மூக்கு, நாலு தெருவும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த அந்த முகத்தை ஒரு நொடிகூட விடாமல் பார்த்துக்கொண்டே நான் வலம் வந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணி நேரத்தில் அவன் அந்தச் சக்கரத்தை மாற்றி வைத்துவிட்டான். “சும்மா கையை வெச்சேன்” என்றான். கார் அதன்பிறகு ஒழுங்காக முன்னால் ஓடுகிறது. கலைச்செல்வியை வடலூர் வரைக்கும்கூட அழைத்துப் போனேன். “நல்லாத்தான் போவுது” என்றாள், மின்சார பில்லைப் படிக்கிற குரலில்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆரோக்கியம் எங்கள் வீட்டுக்கு வந்தான். தயங்கித் தயங்கி உட்கார்ந்தான்.

“முருகேசு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஸ்டெல்லா ஒரு வருஷமா என்னைப் போட்டுப் படுத்துது. கலைச்செல்வி மாதிரி ஒரு ரவுண்டு போவணுமாம். பின்னாடியே. நான் நேத்து கழட்டி அந்தப் பக்கம் மாத்தி வெச்சிப் பாத்தேன், உறுமுது, சரியா உக்கார மாட்டேங்குது. நீ எப்படி வெச்ச?”

இருபது வருஷத்தில் ஆரோக்கியம் என்னிடம் கேட்ட முதல் தொழில் சந்தேகம். நான் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டேன்.

“அதெல்லாம் சும்மா வராது ஆரோக்கியம். அதுக்கு ஒரு கை வாட்டம் வேணும்.”

உள்ளேயிருந்து கலைச்செல்வியின் குரல் வந்தது. “அவருக்கே தெரியாதுங்கண்ணா.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதையாவது அதிகாரமாக விளக்க ஆரம்பித்தால் போதும். ரிமோட்டாக இருக்கட்டும், ரேஷன் கார்டாக இருக்கட்டும், மகன் படிப்பாக இருக்கட்டும். யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார்கள். போன மாதம் டாக்டரிடம் என் நெஞ்சுவலி எப்படி ஆரம்பித்தது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதும் சொன்னார்கள். டாக்டர் என்னை விட்டுவிட்டுக் கலைச்செல்வியிடம் விவரம் கேட்டு மருந்து எழுதினார்.